'உள்ளுக்கு வாங்கோ' சொல்லாத வீடு

உலகத்தில் மனிதரை அழித்தது யுத்தமும் இல்லை, கடலும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை, "உள்ளுக்கு வாங்கோ" என்ற ஒரு பேச்சுத்தான் என்றும், அந்தப் பேச்சை வாயிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டால் மனித குலம் சாகாமலே இருந்துவிடலாம் என்றும், ஓய்வுபெற்ற துறைமுக வாசல் காவலர் பாக்கியரத்தினம், ஓர்ஸ் ஹில் சரிவில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இறங்கும் ஒழுங்கையில், தன் வீட்டுக் கேற்றின் உட்பக்கம் நின்று அறிவித்தார். சிரிக்காமல்தான் அறிவித்தார். வெளிப்பக்கம் நின்று கேட்டவர்களும் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் அப்போது காற்றில் பறந்துபோகாமல் இருப்பதற்காகச் சட்டை விளிம்பில் மீன்வலை ஈயம் தைத்திருந்தார்கள்.

பாக்கியர் என்று ஊர் அழைக்கும் இவர், உத்தியோக காலம் முழுவதும் துறைமுகத்தின் பெரிய வாசலில் பாஸ் பார்த்தவர். சொந்த மாமனாரையே பாஸ் இல்லை என்று வெயிலில் நிறுத்தி வைத்தவர் என்பதை அவரே பெருமையாகச் சொல்வார். பென்சனுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை, வாசலை மட்டும் மாற்றிக்கொண்டார். வீட்டுக் கேற் ஆளுயரம். அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைப் பூட்டு. யார் வந்தாலும் உட்பக்கம் வந்து நின்று "என்ன விசயம்?" என்று கேட்பார். விசயத்தைக் கேற்றடியிலேயே கதைத்து முடித்து அனுப்பிவிடுவார். இந்தக் கரையில் இது சிறிய குற்றம் இல்லை. இங்கே காணிச் சண்டைக்கு வருபவனையும் கதிரையில் இருத்திவிட்டுத்தான் ஏசுவார்கள். வழி தவறி வந்தவனுக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். மனைவி எல்சி கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இதற்காக வெட்கப்பட்டாள். அவளுடைய தம்பி இக்னேசியஸ் ஒருமுறை இலங்கைத்துறையிலிருந்து கருவாட்டுப் பையோடு வந்து கேற்றடியில் நின்றான். அக்காவைப் பார்க்க வந்தனான் என்றான். அவள் குளிக்கிறாள் என்று பாக்கியர் சொன்னார். அது உண்மைதான். வந்து இரு என்பதை மட்டும் சொல்லவில்லை. எல்சி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பை மட்டும் கேற்றில் தொங்கியது. அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து இக்னேசியஸைக் கூட்டிக்கொண்டு போனது. எல்சி அதற்குப் பிறகு கருவாடு சமைப்பதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

கப்பல் வந்தது, பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்தில். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கொடி மங்கிய சரக்குக் கப்பல் ஒன்று உட்துறைமுகத்துக்குள் வந்து நங்கூரம் போட்டது. அதிலிருந்து இறங்கிய மாலுமிகள் ஒருவரோடொருவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். கடைசி ஆளின் முடிச்சுச் சரியில்லை. அவன் ஏணியின் பாதியில் மேலே எழும்பி, பட்டம் போல ஒரு பக்கம் சரிந்து, கோணேசர் மலைப் பக்கமாகப் போய் மறைந்தான். மற்றவர்களைப் பரிசோதித்த டாக்டர், இரத்தம் குறைவு, அதனால் பாரமும் குறைவு, மற்றப்படி மரியாதையான ஆட்கள் என்று சொன்னார். அந்தக் கிழமை கடைகளில் பால்மா இல்லை. ஊர் அதைத்தான் பெரிதாகக் கதைத்தது.

அந்தக் கப்பலில் ஒரே ஒரு பயணி இருந்தார். மெலிந்த, உயரமான, கறுப்புக் கோட்டுப் போட்ட மனிதர். அந்த வெக்கையிலும் வியர்க்கவில்லை. அனுமதிப் பத்திரத்துக்குப் படம் எடுத்தபோது அவர் இருந்த கதிரை மட்டும் படத்தில் விழுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தும் கதிரைதான். படம் தெளிவாக இருந்தபடியால் அதையே ஒட்டி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அவரோடு வந்த மரப்பெட்டிகளைத்தான் விடவில்லை. உள்ளே வேறொன்றும் இல்லை, மண். வெளிநாட்டு மண்ணை இங்கே இறக்க விடமாட்டார்கள், அதில் பூச்சி புழு இருக்கலாம். அது தன் படுக்கை என்று அவர் சொன்னதை மொழிபெயர்த்தவர் சரியாக மொழிபெயர்க்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். பெட்டிகள் கொஞ்சக் காலம் சுங்கக் கொட்டிலில் கிடந்தன. பிறகு பூச்சி புழு எல்லாம் இவ்வளவு நேரம் செத்திருக்கும் என்ற முடிவுக்கு வந்து ஏலத்தில் விட்டார்கள். மண்ணை ஏலத்தில் எடுக்க வந்தவர் ஒரே ஒருவர். எல்சிக்கு அந்தூரியம் வளர்க்க நல்ல மண் வேண்டுமென்று பாக்கியர் லொறி பிடித்து, பூட்டைத் திறந்து, கேற்றை அகலத் தள்ளி, அந்த மனிதருடைய படுக்கையைத் தானே உள்ளே கொண்டுபோய் விறாந்தையோரச் சாடிகளில் நிரப்பினார். வெளியாளின் சாமான் ஒன்று தடையில்லாமல் அந்த வீட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பகலில், சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் படுத்தார். நித்திரை சரியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெயில் இறங்கியதும் நடந்து வந்து பாக்கியர் வீட்டுக் கேற்றடியில் நின்று சாடிகளைப் பார்ப்பார். தமிழை அவர் ஏதோ ஒரு நாட்டு மடத்தில் கிடந்த மிகப் பழைய செபப்புத்தகத்திலிருந்து படித்திருந்தார். "அடியேன் உட்பிரவேசிக்கத் தேவரீர் உத்தரவு அருள்வீரோ?" என்று கேட்டார். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த எல்சி, இந்தக் கேற்றடியில் இப்படி ஒரு மரியாதையை யாரும் காட்டியதில்லை என்று நினைத்தாள்.

"பாஸ் இருக்கோ?" என்று கேட்டார் பாக்கியர்.

"இல்லை, சுவாமீ."

"அப்ப நில்."

நின்றார். மழைக்கு நின்றார், காற்றுக்கு நின்றார், பின்னேரம் தோறும் நின்றார். பாக்கியர் அவருடைய சப்பாத்தைக் கவனித்தார். கேற்றுக் கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் அது நிற்கும், தள்ளினாலும் தாண்டாது. வாசல் காவலிலேயே முடி நரைத்த பாக்கியருக்கு அதன் பொருள் உடனே விளங்கியது. இந்த ஆளுக்குக் கூப்பிட்டால்தான் வர ஏலும், கூப்பிடாவிட்டால் ஏலாது. கூப்பிட்டால் இரத்தம் போகும். அதனால் ஒருவரும் கூப்பிடாதேங்கோ என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்தார். அவர் சொன்னது சரி என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மாலுமி பறந்ததை எல்லாரும் கண்டவர்கள். ஆனால் ஒரு மனிதர் தெருவில் நிற்கிறார், வயதானவர், குடை இல்லை, கேட்டால் தமிழில் பதில் சொல்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டு எப்படி வீட்டுக்குள் இருந்து சோறு தின்பது என்பதற்குத்தான் யாரிடமும் விடை இல்லை.

முதலில் தோற்றது பக்கத்து வீட்டுத் தையல்காரி அஞ்சலினா. "அந்த மனுசன்ர வீட்டடியில நிண்டு என்ன கிடைக்கப்போகுது, உள்ளுக்கு வாங்கோ ஐயா, ஒரு பிளேன்டீ ஊத்துறன்" என்றாள். அவர் தலை தாழ்த்தி வந்து கதிரையில் இருந்தார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அவளுடைய முழங்கால் நோவு எப்படி என்று அடுத்த நாள் மறக்காமல் விசாரித்தார். சுவிஸில் இருக்கும் மூத்த மகன் அந்த முழங்காலைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. போகும்போது கழுத்தில் ஒரு சின்னக் கடி. நுளம்பு கடித்தது போல இருந்தது, நுளம்பு இப்படி நன்றி சொல்வதில்லை என்றாள் அஞ்சலினா. கூட இருந்த இளையவன் டிலுக்ஷன், எதிர்வீட்டு ரிஷாத்தின் கடையிலிருந்து ஒரு சிசிடிவி வாங்கி விறாந்தையில் பொருத்தினான். அதில் அஞ்சலினா வெறும் கதிரையோடு கதைத்துச் சிரிப்பதும், முழங்கால் உயரத்தில் ஒரு கோப்பை அந்தரத்தில் நிற்பதும் விழுந்தன. ரிஷாத் வந்து பார்த்துவிட்டு, "கமெராவில பிழை இல்ல தம்பி. கதிரையைப் பாருங்க, ஆணி முதல்கொண்டு தெரியுது" என்றார்.

ஒழுங்கை ஆட்கள் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இனிமேல் பின்னேரத்தில் யாரும் யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் எடுத்தார்கள். தீர்மானத்தை வாசித்து முடித்த தலைவர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் அந்த மனிதர் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். "ஏன் வெளியில நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ, இடமிருக்கு" என்று தலைவர் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். அந்த வருடம் மண்டபத்துக்கு வந்தவர்களில் பலர் மெலிந்தார்கள். பாக்கியரின் வீட்டை விட்டால் ரிஷாத்தின் வீடு மட்டும் தப்பியது. அந்த மனிதர் வரும் நேரத்தில் ரிஷாத் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார், மனைவி றுமானா குசினியில் இருப்பாள். கூப்பிடுவதற்கு வாசலில் ஆள் இல்லை.

மார்கழியில், நத்தாருக்கு முந்தி, அஞ்சலினா செத்தாள். சவப்பெட்டியை டிலுக்ஷன் ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடந்தான். சுவாமியார் பெட்டி எழும்பாமல் மேலே கை வைத்தபடி கூட நடந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம், அடக்கம் செய்த அதே சேலையோடு அவள் தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. தான் கூட்டிப் பெருக்கிய முற்றத்துக்கு வெளியே, யாரோ வீட்டுக்கு வந்தவள் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். டிலுக்ஷன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ அம்மா" என்றான். அவள் வந்து தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். அதற்குப் பிறகு அவனும் மெல்ல மெல்லப் பாரம் குறைந்தான். மீன்பிடிச் சாமான் கடையில் வலை ஈயம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான், தாய் அதை அவனுடைய சட்டை விளிம்பில் வரிசையாகத் தைத்துக் கொடுத்தாள். நல்ல தையல். பார்த்தவர்கள் தங்களுக்கும் தைக்கக் கொடுத்தார்கள். மற்ற வீடுகளிலும் செத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், வீட்டார் கூப்பிட்டார்கள், உள்ளே வந்து இருந்தார்கள்.

பாக்கியர் தன் அறிவிப்பைச் செய்தது இந்தக் கட்டத்தில்தான். மனித குலத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, டிலுக்ஷனை எல்லாருக்கும் முன்னால் விரலால் காட்டினார்.

"இந்த விசரனைப் பாருங்கோ. செத்த தாயைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தி, தன்ர கழுத்தையும் குடுத்துக்கொண்டு நிக்கிறான். நான் எண்டால், ஆர் வந்து நிண்டாலும், என்னைப் பெத்தவளே வந்து நிண்டாலும், பாஸ் இருக்கோ எண்டுதான் கேப்பன்."

"நீங்கள் கேப்பீங்கள் அங்கிள்" என்றான் டிலுக்ஷன். பேசும்போது அவன் கேற்றுக் கம்பியைப் பிடித்திருந்தான், காற்று கொஞ்சம் இருந்தது.

எல்சி அந்தப் பேச்சை விறாந்தையில் நின்று கேட்டாள். அந்தூரியம் அந்த மண்ணில் வீட்டுக் கூரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்து, இறைச்சி நிறத்தில் பூத்திருந்தது. பூக்கள் எல்லாம் கேற்றடியில் நிற்கும் மனிதரைப் பார்த்தபடி திரும்பியிருந்தன. அவளும் பின்னேரத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதைப் பாக்கியர் கவனித்தார். இந்தக் கம்பிக் கேற் போதாது என்று அவருக்குத் தோன்றியது. கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு வெல்டிங்காரன் நல்ல வேலைக்காரன் என்று கேள்விப்பட்டு, கம்பிக்குப் பதிலாகத் தகடு அடித்த, வெளியே நிற்பவர் கண்ணுக்கே தெரியாத ஒரு கேற் செய்யச் சொல்லப் போனார். அளவெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை தொடங்கி, கண்டி வீதியில் பஸ் நின்றுவிட்டது.

ஒழுங்கையில் அந்த மழை பாக்கியர் வீட்டுக் கேற்றடியில் மட்டும் பெய்தது. எதிரே ரிஷாத் வீட்டுக் கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. எல்சி குடையோடு கேற்வரை வந்தாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார், ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் நெற்றியால் வழிய, கையில் ஒன்றும் இல்லாமல், கேற்றுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றார். அவள் அங்கே வேறு ஒருவனைப் பார்த்தாள் என்று றுமானா பிறகு சொன்னாள். கருவாட்டுப் பை தொங்கிய அதே கம்பியை எல்சி கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றாளாம். பூட்டின் திறப்பு பாக்கியரோடு போயிருந்தது. ஆனால் அந்த மனிதருக்குப் பூட்டு ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை.

"நனையாதேங்கோ. உள்ளுக்கு வாங்கோ" என்றாள் எல்சி.

மழை நின்றது. பூட்டிய கேற் பூட்டியபடி இருக்க அவர் உள்ளே நின்றார்.

பாக்கியர் வந்து சேர்ந்தபோது விறாந்தையில் இரண்டு கதிரை போட்டிருந்தது. ஒன்றில் எல்சி, மற்றதில் ஆறிய கோப்பையோடு விருந்தாளி. பாக்கியர் கத்தினார், விளக்குமாற்றை எடுத்தார், பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். விருந்தாளி எழும்பி வணங்கிவிட்டுப் போனார். அடுத்த நாள் வந்தார். ஒருமுறை கூப்பிட்டால் காணும், கூப்பிட்டவர் போகச் சொல்லும்வரை அந்த அழைப்புக் கிடக்கும். பாக்கியர் எல்சியின் பக்கத்தில் இருந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, கெஞ்சினார்.

"ஒரு சொல்லுத்தான் எல்சி. போங்கோ எண்டு சொல்லு. நீ சொன்னால் போவான்."

"வந்த ஆளை எப்பிடிப் போங்கோ எண்டுறது? போயிட்டு வாங்கோ எண்டுதானே சொல்றது."

"அவன் உன்னைக் கொல்லுறான்."

"ஓம், தெரியும்" என்றாள் எல்சி. "ஒருத்தனை நீங்கள் போக விட்டனீங்கள். அதுவே காணும்."

பாக்கியர் வேலை செய்யத் தொடங்கினார். ஈரல் வாங்கி வந்தார், பீற்றூட் சாறு பிழிந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றினார். இரத்தம் கொடுத்தது ரிஷாத். அன்று பின்னேரம் விருந்தாளி விறாந்தையில் சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "இன்று ஒரு நற்குணமுடைய மனிதரை அறிந்தேன்" என்று சொல்லி, ரிஷாத்தின் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். இதைக் கேள்விப்பட்ட ரிஷாத், "நேர எங்கட வீட்டயே வந்திருக்கலாமே" என்றார். றுமானா அகப்பையால் அவருடைய முதுகில் ஒன்று வைத்தாள். தகட்டுக் கேற் செய்து முடிந்துவிட்டது, வந்து எடுங்கோ என்று கப்பல்துறையிலிருந்து போன் வந்தது. பாக்கியர் போகவில்லை.

விருந்தாளி இப்போது பகலில் சாடிகளுக்கு நடுவில் சுருண்டு படுத்தார். அவருக்கு நல்ல நித்திரை. அதைக் கண்டதும் பாக்கியருக்கு மண்ணின் விசயம் விளங்கியது. யார் அதைக் கேற்றால் கொண்டுவந்தது என்பதும் கூடவே விளங்கியது. ஒரு பகல் முழுக்க அந்தூரியங்களைப் பிடுங்கி, மண்ணைச் சாக்கில் கட்டி, தோளில் சுமந்து கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் கொட்டினார். தண்ணீர் கொஞ்ச நேரம் துருநிறமாகி, சில மீன் மேலே வந்து மிதந்து, பிறகு வழமைக்கு வந்தது. படுக்கை போனபடியால் விருந்தாளிக்கு இனிப் பகலில் படுக்க இடமில்லை, நித்திரை வராத எண்ணெய்த் தாங்கிக்குத் திரும்பவும் அவர் விரும்பவில்லை. அவர் எல்சியின் அலுமாரிக்குள், தொங்கும் சேலைகளுக்குப் பின்னால் குடிபோனார். முந்திப் பின்னேரத்துக்கு மட்டும் வந்தவர் இப்போது வீட்டோடு என்றாகிவிட்டது.

எல்சி பஞ்சைப் போலானாள். சோறு பரிமாறும்போது கால் நிலத்தில் படாது. பாக்கியர் அவளுடைய சேலைத் தலைப்பைக் கட்டில் காலில் கட்டிவிட்டு நித்திரை கொள்வார். வலை ஈயம் வாங்கி வருவோமா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, அந்த விசர் வேலை இந்த வீட்டில் நடவாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அவள் அந்த நாட்களில் சந்தோசமாக இருந்தாள் என்பதை எழுதத்தான் வேண்டும். விறாந்தையில் ஒருவர் இருந்தார், அவள் சொல்வதைக் கேட்டார். இக்னேசியஸ் சின்ன வயதில் நண்டு பிடிக்கப் போய்க் கடி வாங்கிய கதையை அவள் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். பாக்கியர் உள் அறையில் இருந்து கேட்டார். அந்தக் கதையை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து எல்சி செத்தாள். அலுமாரி திறந்தது. விருந்தாளி இருட்டியபின் நடந்த செபத்துக்கு நின்று, வந்த சனத்துக்குத் தேத்தண்ணித் தட்டை ஏந்திப் பரிமாறினார். கடைசியாகப் பாக்கியருக்கு முன்னால் வந்து, தாம் எத்தனையோ தேசங்களில் எத்தனையோ வீடுகளில் இருந்ததாகவும், இந்த அம்மையாரைப் போல உபசரித்தவர் இல்லை என்றும் சொன்னார். துறைமுகத்தில் ஒரு கப்பல் புறப்பட இருந்தது. அவர் அதில் ஏறிப் போனார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. போன இடத்தில் கூப்பிடுகிறார்களோ என்னவோ. பெட்டியைத் தூக்க டிலுக்ஷன் வந்தான். பாக்கியர் யாரையும் தொட விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு நடந்தார், ஒரு தலையணையைத் தூக்குவது போல, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து.

பிறகு வீட்டில் கேற்றும் பூட்டும் அவரும் இருந்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவர் போகவில்லை. போனால் என்ன நடக்கும் என்று ஒழுங்கைக்கே தெரியும். போகாவிட்டால் நடக்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்று கச்சான் அந்த வருடத்துக்கு முதல் தடவையாக மூர்க்கமாக அடித்தது. ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து தகரமும் ஓலையும் துறைமுகத்தை நோக்கி உருண்டன. டிலுக்ஷன் வீட்டில் தாயும் மகனும் கதிரைகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார்கள். ரிஷாத் பள்ளிக்குப் புறப்பட்டு, மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நின்றார். எதிரே எல்சி தன் வீட்டுக் கேற்றுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நீலச் சேலை. அவளுடைய கால் நிலத்தில் இல்லை. உடம்பு முழுவதும் கடல் பக்கமாக நீண்டு, கொடிக்கம்பத்தில் கொடி போலக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பாக்கியர் விறாந்தையில் இருந்து எழும்பி வந்து வழக்கமான இடத்தில், உட்பக்கம், நின்றார். என்ன விசயம் என்று கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றாள் எல்சி. "பாஸ் கொண்டு வரேல்லை."

பாக்கியர் திறப்பை எடுத்தார். தலைகீழாகப் போட்டு, திரும்ப எடுத்துப் போட்டு, பூட்டைக் கழற்றினார். கேற்றை வெளிப்பக்கம் தள்ளி அகலத் திறந்தார். கம்பியோடு அவளும் ஒரு அரைவட்டம் சுழன்றாள், ஆனால் உள்ளே வரவில்லை. வழி திறந்துதான் கிடந்தது, வர ஏலாது. "காத்தாக் கிடக்கு" என்றார் பாக்கியர். "நிக்காதை" என்றார். "இருட்டப் போகுது" என்றார். இதெல்லாம் உண்மைதான், ஒன்றும் உதவவில்லை. அவளுடைய இடது கை கம்பியிலிருந்து கழன்றது. எதிர்வீட்டில் ரிஷாத் வாயைத் திறந்தார். அது தன் வீட்டு வாசல் இல்லை, தான் கூப்பிட்டுப் பலன் இல்லை என்று நினைவு வந்து மூடினார். வலது கையில் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவள் பாக்கியரை அவசரப்படுத்தவில்லை. அத்தனை காலம் அந்த வீட்டில் இருந்தவளுக்கு, புருசனுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை என்று தெரியும்.

பிறகு அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் வாய் அசைந்ததை ரிஷாத் கண்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் எல்சியை நீ என்றுதான் கதைப்பார். அன்றைக்கு அவர் சொன்னது, "உள்ளுக்கு வாங்கோ எல்சி."

அவள் வந்தாள். பாக்கியர் கதிரையை எடுத்து விறாந்தையில் சுவர்ப்பக்கமாகப் போட்டு, அவள் அதில் அமரும்வரை அதன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குசினிக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அவள் குடிக்கமாட்டாள் என்று தெரியும். வந்தவரைக் கேட்காமல் இருக்க ஏலாது. கோப்பையைக் கொண்டுவந்து அவளுடைய கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து, சட்டையின் கழுத்தடிப் பொத்தானைக் கழற்றினார். இக்னேசியஸும் நண்டும் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அந்தக் கேற் அதற்குப் பிறகு பூட்டப்படவில்லை. பித்தளைப் பூட்டை அவர் எல்சியின் சேலைத் தலைப்பில் முடிந்துவிட்டார், ஈயத்தை விட அது பாரம் கூட. அடுத்த கச்சானுக்கு அவருக்கும் ஒரு பூட்டுத் தேவைப்பட்டது. ரிஷாத்தின் கடைக்குப் போனார். எந்தக் கதவுக்கு என்று ரிஷாத் கேட்கவில்லை. இருக்கிறதில் பெரியதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.